பம்ப்செட் அறையைப் பார்த்தீர்களா?



ஆடி பிறந்துவிட்டால் படவேட்டுக்கு பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு. வேலூரிலிருந்து, ஆரணியிலிருந்து, போளூரிலிருந்து என்று குடும்பம் குடும்பமாக வேன் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், ரேணுகாம்பாள் சந்நிதியில் நிற்கக்கூட இடம் இருக்காது. நம் வாசகிகளில் பலருக்கு அங்கே ஏதாவது ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

சந்தவாசலில் திரும்பி ஊருக்குள் போகும்போது இருபுறமும் என்ன தெரிகிறது? வாழைத்தோட்டம், கரும்பு, நடவு முடிந்த நெல் வயல், பின்னால் ஜவ்வாது மலை. "என்ன பச்சை பாருங்க!" என்று ஜன்னல் வழியாக செல்போனை நீட்டுகிறோம்.

அந்தப் பச்சைக்கு நடுவில் வெள்ளை மங்கிப்போன சுவரோடு ஒரு சின்ன அறை நிற்கும். பக்கத்தில் ஒரு மின்கம்பம், ஒரு கிணறு, தொட்டியில் விழுகிற தண்ணீர். அந்த பம்ப்செட் அறையை யாரும் படம் எடுப்பதில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன். நம் வீட்டு அரிசிப் பானையின் கதையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்தில் 'வேளாண் புரட்சி' என்று ஒரு பாடம் வரும். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701 வாக்கில் வரிசையாக விதைக்கும் கருவி செய்தார். டவுன்ஷெண்ட் பிரபு கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று நிலத்தில் பயிரை மாற்றி மாற்றிப் போடும் முறையைப் பரப்பினார். பேக்வெல் என்பவர் ஆடு மாடுகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். ஐந்து மார்க் கேள்வி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்.

இதில் பாடப்புத்தகம் சொல்லாத ஒரு சேதி உண்டு. 1790-களில் ஹால்காட் என்ற கேப்டன், தென்னிந்திய விவசாயி வரிசையாக விதை விழும் ஏரை ஓட்டுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு லண்டனுக்கு எழுதினார். அப்படியொரு கருவியை ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தாராம். அந்தக் கடிதத்தை 1971-இல் வரலாற்று ஆய்வாளர் தரம்பால் தன் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார். எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற கேள்வியைவிட, அது எத்தனை வீட்டில் அடுப்பெரிய வைத்தது என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்படிப் பார்த்தால் நம் வேளாண் புரட்சி நடந்த இடம் இங்கிலாந்து இல்லை. நம் பக்கத்து ஊர்.

படவேடு இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989 வரை அது வட ஆற்காடு மாவட்டம். பிரித்தபோது புது மாவட்டத்துக்கு 'திருவண்ணாமலை சம்புவராயர்' என்று பெயர் வைத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் இந்தப் படவேட்டைத் தலைநகராக வைத்து ஆண்டவர்கள் சம்புவராயர்கள். அந்தப் பழைய வட ஆற்காடு, உலகம் முழுக்க விவசாயப் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். பசுமைப் புரட்சி ஏழை விவசாயிக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா என்று உலகமே சண்டை போட்டபோது, பதில் தேடி ஆராய்ச்சியாளர்கள் வந்து உட்கார்ந்தது இந்த மாவட்டத்துக் கிராமங்களில்தான்.

அதற்கு முன் ஒரு சின்ன நினைவூட்டல். இன்றைய இளம் வாசகர்களுக்கு இது அவசியம்.

1965, 1966 இரண்டு வருடமும் நாட்டில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலை. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். நம் பக்கத்தில் ரேஷனில் வந்த கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் பெண்கள் திணறினார்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. சொன்னது. ஆட்சி மாறியது. அரிசி மட்டுமே காரணம் என்றால் அது மிகை. மொழிப் போராட்டத்தின் சூடும் இருந்தது. ஆனாலும் பானை காலியாக இருந்த வீட்டில் எந்த வாக்குறுதி காதில் விழும்?

இதில் ஒரு வேடிக்கை. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை 1966-இல் இறக்குமதி செய்யத் துணிந்த மத்திய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். அவருக்குப் பின்னால் நின்ற விஞ்ஞானி கும்பகோணத்து எம்.எஸ். சுவாமிநாதன். நாட்டின் பஞ்சத்தைத் தீர்க்க வழி செய்த அமைச்சர், அடுத்த வருடத் தேர்தலில் தமிழ்நாட்டில் தோற்றுப்போனார். விதை முளைக்க நாளாகும். ஓட்டுக்குப் பொறுமை இல்லை.

சரி, நெல்லுக்கு வருவோம்.

நம் பழைய நெல் ரகங்கள் ஆள் உயரம் வளரும். நல்ல வைக்கோல் கிடைக்கும். மாட்டுக்குத் தீனி, வீட்டுக்குக் கூரை. ஆனால் கொஞ்சம் கூடுதலாக உரம் போட்டால் பயிர் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். அதிலும் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்துவிடும். அதனால் உரம் இருந்தும் பயன் இல்லை.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் உயரமான ரகம் ஒன்றையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் சேர்த்து உருவாக்கிய நெல் 1966 நவம்பரில் வெளிவந்தது. அதுதான் ஐ.ஆர். 8. இடுப்பளவு உயரம், தடித்த தண்டு. உரத்தைப் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். பழைய சம்பா ரகங்கள் ஐந்து, ஆறு மாதம் எடுத்துக்கொண்டபோது இது ஏறக்குறைய 130 நாளில் அறுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் அந்த மகிழ்ச்சியில், பிறந்த மகனுக்கு ஐ.ஆர்.எட்டு என்றே பெயர் வைத்தார் என்று ஒரு தகவல் உண்டு. நம் ஊரில் அது நடக்கக்கூடியதுதான்!

ஆனால் சோறு? அதைக் கேட்காதீர்கள். ஆறினால் விறைத்துவிடும், மொத்தைச் சோறு, பழையதுக்கு ஆகாது என்று வீட்டில் சண்டை. பூச்சியும் நோயும் அதை விடவில்லை. அடுத்தடுத்து ஐ.ஆர். 20 போன்ற ரகங்கள் வந்தன. பிறகுதான் நம் நாக்குக்குப் பிடித்த பொன்னி வந்தது. அதன் பிறந்த ஊர் மலேசியா. அங்கே 'மசூரி' என்று பெயர். அதிலிருந்து தேர்ந்தெடுத்த மேம்பட்ட வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. இன்று சென்னையில் அரிசிக் கடைக்காரர் "ஆரணி அரிசிம்மா, களம்பூர் பொன்னி" என்று பெருமையாக மூட்டையைத் தட்டிக் காட்டுகிறாரே, அந்தக் களம்பூர் படவேட்டிலிருந்து அதிக தூரமில்லை. மலேசியாவில் பிறந்த நெல், வட ஆற்காட்டு மில்லில் அரைபட்டு, பாரம்பரிய அரிசி என்ற மரியாதையோடு நம் வீட்டுக்கு வருகிறது. வந்தவரை நம்மவராக்கிக்கொள்வதில் நாம் சளைத்தவர்கள் இல்லை.

குட்டை ரகங்கள் இன்னொரு காரியமும் செய்தன. பழைய சம்பா ரகங்கள் பல, நாள் சுருங்கும் பருவம் வந்தால்தான் கதிர் விடும். எப்போது விதைத்தாலும் அவை தம் காலத்துக்குத்தான் வரும். புது ரகங்களுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. தண்ணீர் இருந்தால் போதும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஒரே நிலத்தில் மூன்று போகம்கூட எடுக்கலாம்.

தண்ணீர் இருந்தால்! இங்கேதான் அந்த பம்ப்செட் அறை வருகிறது.

காவிரிப் படுகை போல இங்கே ஆற்றுப் பாசனம் கிடையாது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிற கமண்டல நாகநதி படவேட்டைத் தொட்டு, ஆரணிப் பக்கம் போய்ச் செய்யாற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் துள்ளும், கோடையில் மணல்தான். ஏரிகள் உண்டு. அவையும் மழையை நம்பியவை. மற்ற நாளெல்லாம் கிணறுதான் கதி.

கவலை இறைத்ததைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் மாடு பூட்டுவார்கள். ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கும், கயிறு இழுபட்டுச் சால் மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் விழும், மாடு மறுபடி பின்னால் ஏறும். அந்தப் பக்கம் அம்மாவோ மகளோ மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டிருப்பார்கள். காலையெல்லாம் இப்படி இறைத்தாலும் நனைவது கொஞ்ச நிலம்தான். மாட்டின் தெம்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் விளைச்சல்.

கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்தார்கள். அந்த ஊர் மோட்டாரும் பம்ப்பும் பிறகு தமிழகக் கிணறுகளிலெல்லாம் இறங்கின. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோவதில் நம் மாநிலம் நாட்டிலேயே முன்னணியில் இருந்தது. ஒரு ஸ்விட்சைப் போட்டால் இரண்டு ஜோடி மாடு நாளெல்லாம் இறைக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பாய்ந்துவிடும் என்றால், அது சாதாரண மாற்றமா?

உரத்துக்கும் நம் மாவட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. பாரி கம்பெனி 1906-இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை அதுதான் என்கிறார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் வித்தையை ஜெர்மனியில் ஹேபர் 1909-இல் செய்துகாட்டினார். 1913-இல் அதற்கு ஆலையே வந்துவிட்டது. இன்று நாம் கடையில் வாங்குகிற யூரியாவின் வேர் அங்கே இருக்கிறது.

ஆக, பிலிப்பைன்ஸ் விதை, ஜெர்மன் வேதியியல், கோவை மோட்டார் எல்லாம் வட ஆற்காட்டில் ஒரு கிணற்றடியில் சந்தித்துக்கொண்டன. இதில் எந்த ஒன்று தனியாக வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. உரமில்லாத குட்டை நெல் வெறும் குட்டை நெல்தான். தண்ணீரில்லாத உரம் பயிரைக் கருக்கிவிடும். புரட்சி என்றதும் நமக்கு ஒரு மனிதரின் முகம் தேவைப்படுகிறது. இதற்கு அப்படி ஒரு முகம் இல்லை.

இனி அந்த ஆராய்ச்சியாளர்கள். 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டில் 11 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து வீடு வீடாகக் கணக்கெடுத்தன. 1977-இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே பசுமைப் புரட்சி என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. எதிர்பார்த்த வேகத்தில் புது நெல் பரவவில்லை. கிணறும் பம்ப்செட்டும் வைத்திருந்தவர் முந்திக்கொண்டார், சின்ன விவசாயி பின்தங்கினார் என்பது அவர்கள் கண்டது.

பத்து வருடம் கழித்து அதே கிராமங்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி போனார்கள். பீட்டர் ஹேசலும், பின்னாளில் கோவை வேளாண் பல்கலைக்கழகத் துணைவேந்தரான சி. ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. 1973-க்கும் 1983-க்கும் இடையில் சிறு விவசாயியின் உண்மை வருமானம் 90 சதவீதம் கூடியிருந்தது. நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களின் வருமானம் 125 சதவீதம் கூடியிருந்தது. ஏழைகள் அழிந்துவிடவில்லை, பிடித்து ஏறியிருந்தார்கள்.

இதையும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆரணிப் பட்டுத் தறி கிராமம் கிராமமாகப் பரவியது, வெளியூர் வேலை வந்தது, அதையெல்லாம் நெல்லின் கணக்கில் எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 1990-களில் மூன்றாம் முறை போனவர்கள், விவசாயம் தேங்கிவிட்டது, கிணறுகள் வற்றுகின்றன என்று எழுதினார்கள்.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். பசுமைப் புரட்சியே சதி, அதுதான் நம்மை நோயாளியாக்கியது என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாப்பிட்ட வயிறுதான் அப்படிப் பேசும். கூழுக்கும் வழியில்லாமல் பிள்ளையைத் தூங்க வைத்த தாய் அப்படிப் பேசமாட்டாள். நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் என்றிருந்த வீடுகளில் அது தினசரிச் சோறானது ஒரு தலைமுறைக்குள். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த விருந்துக்கான பில் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்த பில்லுக்கு வருமுன் பெண்களைப் பற்றிக் கொஞ்சம். விவசாயப் புரட்சி பற்றிய புத்தகங்களில் இந்தப் பக்கம் எப்போதும் மெலிந்தே இருக்கும்.

நெல் அறுத்து வந்தால் சோறாகிவிடுமா? அவிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு முன்னால் தோள் இறங்கிப்போகும் வேலை. அரைவை மில் வந்த ஊரில் பெண்களின் ஒரு நாளே மாறிப்போனது. என்னைக் கேட்டால், நம் வீட்டுப் பெண்களைப் பொறுத்தவரை ஐ.ஆர். 8-ஐவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்த மில்தான். அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை.

அதிலும் ஒரு மறுபக்கம் உண்டு. அடுத்த வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்துத் தவிடும் நொய்யும் கூலியாக வாங்கிப் பிழைத்த ஏழைப் பெண்களுக்கு மில் வந்ததும் அந்த வேலை போயிற்று. களைக்கொல்லி வந்தபோது களையெடுப்பு போயிற்று. நெல் அறுக்கும் பெல்ட் மெஷின் வந்தபோது அறுப்புக் கூலி போயிற்று, கூடவே மாட்டுக்கு ஒழுங்கான வைக்கோலும் போயிற்று. ஒவ்வொரு கருவியும் யாருடைய முதுகை நிமிர்த்துகிறது, யாருடைய கூலியைப் பறிக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்பது பாதிக் கணக்கு.

இப்போது பில்.

முதலில் சிறு விவசாயிகளுக்கும், பிறகு 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமானது. விவசாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை நான் குறை சொல்லமாட்டேன். விளைபொருளுக்கு நியாய விலை கொடுக்காத சமூகம், மின்சாரத்துக்கும் காசு கேட்பது நியாயமில்லை. ஆனால் விளைவு ஒன்று இருந்தது. மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால் ஆட்டோ ஸ்விட்ச் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். நடுராத்திரி கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். வயல் நிரம்பி வழிந்தாலும் ஓடும்.

நிலத்தடி நீர் ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி. ஊரில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஏ.டி.எம். கார்டு, போடுவதோ மழை மட்டும்தான். என் கிணற்றை நான் ஆழப்படுத்தினால் பக்கத்து வயல் கிணறு வற்றும். அவர் கடன் வாங்கி இன்னும் ஆழமாக வெட்டுவார். பிறகு கிணற்றுக்குள்ளேயே போர், சைடு போர், சப்மெர்சிபிள். தண்ணீர் வந்தால் வாழை, வராவிட்டால் வட்டி. சில குடும்பங்களில் நகை அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாததற்குக் காரணம் கல்யாணச் செலவு இல்லை, போர்வெல் செலவு.

ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று நெல் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நாம் ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் சண்டை போட்டுவிட்டு, மிஞ்சிய சோற்றைச் சாதாரணமாகக் கொட்டிவிடுகிறோம்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. அதுவும் படவேட்டுப் பக்கத்து வயல்களுக்குப் புதிதில்லை.

மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லொலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் விவசாயிகளோடு வேலை செய்துவந்தார். 1983-இல் ஒரு நெருக்கடியில், இன்னும் முற்றாத 15 நாள் நாற்றையே பிடுங்கி நட வேண்டி வந்தது. வீணாகப் போகும் என்று நினைத்தது தூர் கட்டித் திமிறிக்கொண்டு வளர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் நாம் 'ஒற்றை நாற்று நடவு' என்று சொல்கிற திருந்திய நெல் சாகுபடி. ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதை போட்ட இடத்தில் இரண்டு, மூன்று கிலோ போதும். குத்துக்கு ஒரே நாற்று, சதுரமாக இடைவெளி விட்டு. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டாம், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் போதும். 2000-க்குப் பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதைச் சோதித்து, மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது.

இதில் புது விதை இல்லை, புது மருந்து இல்லை. பெரிதாக எதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. அதனாலேயே இதற்கு விளம்பரம் குறைவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சிரமமும் உண்டு. பிஞ்சு நாற்றைப் பதமாக நடப் பழகிய கை வேண்டும். வயல் சமமாக இருக்க வேண்டும். கரண்ட் நம்பகமாக வந்தால்தான் காயவிடத் துணிச்சல் வரும். களையெடுக்கிற கோனோ வீடரைச் சேற்றில் தள்ளப் பலம் வேண்டும் என்பதால், பெண்கள் செய்த களையெடுப்பு பல இடங்களில் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. மறுபடி அதே இரட்டைக் கணக்கு.

வெளியிலிருந்து வரும் உதவியும் உண்டு: படவேட்டில் டி.வி.எஸ். குழுமத்தின் ஸ்ரீனிவாசன் சேவை அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் கிராமப் பணி செய்துவருகிறது.  கமண்டல நாகநதிக்குக் குறுக்கே மலையடியில் செண்பகத்தோப்பு அணையும் இருக்கிறது. ஆனால் எந்த அணையும் எந்த அறக்கட்டளையும், வயல்காரர் மோட்டாரை நிறுத்தும் நேரத்தைத் தீர்மானிக்க முடியாது.

கீழே இப்படி என்றால் மேலே மலையில் வேறு கதை. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை போடுகிறார்கள். மழை போதும், கிணறு வேண்டாம். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வந்துவிடும். பசுமைப் புரட்சி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆராய்ச்சி பெரும்பாலும் நெல்லுக்கும் கோதுமைக்கும் போனது, ரேஷன் கடையிலும் அவைதான். சாமை தின்பவர் என்றால் ஏழை என்று கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இன்று அதே சாமை நகரத்துக் கடையில் பளபளப்பான பாக்கெட்டில் சர்க்கரை நோயாளிக்கான உணவாக நிற்கிறது. விலையைப் பார்த்தால் தலை சுற்றும். விளைவித்தவருக்கு அதில் எவ்வளவு போகிறது என்று யோசித்ததுண்டா? மலையில் குறை விதை இல்லை. திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கிருந்துதான் வந்தது. குறை எங்கே என்றால் உமி நீக்குவதில். சாமையின் தோல் லேசில் போகாது. உரலில் குத்தி எடுப்பதற்குள் பெண்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் உமியோடு மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிடுவார்கள். மதிப்பு கூடுவதெல்லாம் மலைக்குக் கீழே. நெல்லுக்கு அரைவை மில் செய்ததை, சாமைக்கு மலையிலேயே ஓடுகிற சின்ன இயந்திரம் செய்ய வேண்டும். அங்கே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் அந்த வேலையில் இறங்கியிருப்பது நல்ல சேதி. என்னைப் பொறுத்தவரை இனி வரவேண்டிய புரட்சி என்றால் அதுதான்: பெரிய அணையோ புது மந்திர விதையோ இல்லை, ஊருக்கு ஒரு நல்ல உமி நீக்கும் இயந்திரமும் வயலுக்கு ஒரு சொட்டுநீர்க் குழாயும்.

வீட்டிலிருந்தபடி நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றுமே இல்லாமலும் இல்லை.

அரிசி வாங்கும்போது மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக வேண்டும் என்று கேட்பதை விடுங்கள். நாம் கேட்கக் கேட்கத்தான் மில்காரர் பாலிஷ் போடுகிறார். வாரத்தில் இரண்டு வேளை சாமைப் பொங்கலோ சாமை உப்புமாவோ செய்யுங்கள். மருந்தாக இல்லை, சாப்பாடாக. மலைப் பக்கம் சுற்றுலா போனால் குழுவிடம் நேரில் வாங்குங்கள். பேரம் பேச வேண்டாமே, மாலில் நாம் பேரம் பேசுவதில்லை. அரிசி விலை இரண்டு ரூபாய் ஏறினால் அரசாங்கத்தைத் திட்டுகிற நாம், நெல் விலை விழுந்தபோது ஒரு வார்த்தை சொன்னோமா?

நம் வாசகர்களில் கணிசமானவர்களுக்குச் சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குத்தகைக்கு விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை போய் இரண்டு மூட்டை நெல்லும் ஒரு வாழைத்தாரும் கொண்டுவருவீர்கள். அந்த நிலத்துக் கிணறு இப்போது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த முறை போகும்போது பம்ப்செட் அறைவரை நடந்து போய்ப் பாருங்கள். பயிர் செய்கிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. பல இடங்களில் அது கிடைக்காமல் போவதற்கு ஒரு காரணம், பட்டா வெளியூரில் இருக்கும் நம் பெயரில் இருப்பதும், கையெழுத்துப் போட நாம் போகாததும்தான். வாழைக்கும் கரும்புக்கும் சொட்டுநீர் நன்றாகவே ஒத்துவரும். வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டால் விவரம் சொல்வார்கள்.

இன்னொரு வேண்டுகோள். கவலை இறைத்ததை, ரேஷன் கோதுமையை, முதல் ஐ.ஆர். 8 சோற்றை, ஊருக்கு முதல் மில் வந்த நாளை நினைவில் வைத்திருக்கும் பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களைப் பேசவிட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரையும் அவர்கள் அன்று போட்ட நெல்லின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். வரும் கடிதங்களுக்கு அடுத்தடுத்த இதழ்களில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்